வெள்ளி இரவில் அந்தத் தெரு ஏன் காலியாகிறது

டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் நாங்கள் குடியேறிய முதல் ஆண்டு. நவராத்திரியில் வந்த வெள்ளிக்கிழமை மாலைக்கு அக்கம்பக்கத்தாரைக் கொலு பார்க்க அழைத்தோம். எதிர்வீட்டு அம்மா, பக்கத்து வீட்டுத் தம்பதி, தெருமுனைக் குடும்பம் என்று அத்தனை பேரும் ஆசையாகக் கேட்டுக்கொண்டார்கள். கிழமையைச் சொன்னதும் அத்தனை பேரும் கையை விரித்தார்கள். சனி வருகிறோம், ஞாயிறு வருகிறோம், வெள்ளி மட்டும் முடியாது. அன்று ஏழரை மணிக்கு வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருவில் பாதி வீடுகள் இருட்டாக இருந்தன. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வானம் வெளுத்துக் கிடந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் முரசுச் சத்தம் வந்தது. ஹைஸ்கூல் ஸ்டேடியம்.

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி. நெல்லையப்பருக்கு ஆனித் தேரோட்டம் நடக்கும் நாளில் எங்கள் தெருவும் இப்படித்தான் காலியாகக் கிடக்கும். இரண்டும் ஒன்று என்று எனக்குப் பிடிபடச் சில வருடங்கள் ஆயின. மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் எடுத்த பிறகு, நானே அந்தக் கூட்டத்தில் ஒருவனாகப் போய் நின்ற பிறகுதான் புரிந்தது. ஆகஸ்டில் பள்ளி திறந்ததிலிருந்து நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாள் வரும் வரை, ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளை இருக்கும் அமெரிக்க வீட்டின் நாட்காட்டியைப் பள்ளிதான் எழுதுகிறது. பண்டிகைகள் அதற்குள் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஏன் பள்ளிக்கு இத்தனை பிடி? நம் ஊரில் ஒரு பிள்ளை நன்றாக ஓடினால் தனிப் பயிற்சியாளரிடம் சேர்ப்போம். ஐரோப்பாவில் ஊர்க் கிளப்பில் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் பள்ளியே கிளப். இங்கே பள்ளிகளை ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் தேர்ந்தெடுத்த வாரியம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பள்ளி நடத்துகிற பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்த ஊர்க்காரர்கள் கட்டும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. பிள்ளை இல்லாதவரும் கட்டுகிறார், பிள்ளை படித்து முடித்துப் போனவரும் கட்டுகிறார். அதனால் அந்த அணியை ஊரே தன் அணி என்று நினைக்கிறது. சின்ன ஊர்களில் தண்ணீர்த் தொட்டியின் மேலேயே அணியின் சின்னத்தை வரைந்துவைத்திருப்பார்கள். மாநிலம்தோறும் இருக்கும் பள்ளி விளையாட்டுச் சங்கங்களுக்குப் பொதுவாக 1920ல் ஒரு தேசியக் கூட்டமைப்பு உருவானது, அதன் தலைமையகம் இண்டியானாபொலிஸில் இருக்கிறது. அவர்கள் கணக்குப்படி ஹைஸ்கூல் விளையாட்டுகளில் ஓர் ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்புகின்றன (இரண்டு விளையாட்டு ஆடும் பிள்ளை இரண்டு முறை எண்ணப்படும்). ஆண்பிள்ளைகளில் அதிகம் பேர் ஆடுவது ஃபுட்பால். நாம் சொல்லும் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

வாரக் கடைசியை மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஞாயிறு தொழில்முறை அணிகளுக்கு, சனி கல்லூரிகளுக்கு, வெள்ளி இரவு ஹைஸ்கூலுக்கு. இது வழக்கமாக வந்ததுதான், ஆனால் சட்டமும் இதற்குக் காவல் நிற்கிறது. தொழில்முறை லீக் தன் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்க அனுமதித்து 1961ல் ஒரு சட்டம் வந்தது. அதிலேயே கல்லூரி ஆட்டங்களுக்குப் பாதுகாப்பு வைத்தார்கள், 1966ல் அது பள்ளி ஆட்டங்களுக்கும் நீண்டது. செப்டம்பர் இரண்டாம் வெள்ளியிலிருந்து டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல், பள்ளி ஆட்டமோ கல்லூரி ஆட்டமோ நடக்கும் இடத்துக்கு 75 மைல் தூரத்துக்குள் இருக்கும் நிலையத்திலிருந்து தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை செல்லாது. 2023ல் தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளியன்று என்எஃப்எல் என்னும் அந்தத் தொழில்முறை லீக் புதிதாக ஓர் ஆட்டம் வைத்தபோது அதை நியூயார்க் நேரப்படி மாலை மூன்று மணிக்கே தொடங்கியதன் காரணம் இதுதான். கோடிக்கணக்கில் டாலர் புரளும் லீக் ஒன்று ஊர்ப் பள்ளிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் இது ஒன்று.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டு வெறியாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேலை. நம் கோயில் திருவிழாவில் மண்டகப்படி என்று ஒன்று உண்டே, ஒவ்வொரு நாளையும் ஒரு தெருவோ குடும்பமோ ஏற்று நடத்துமே, அதே ஏற்பாடு இங்கேயும் இருக்கிறது. களத்தில் ஒரு நேரத்தில் ஆடுவது பக்கத்துக்கு 11 பேர். அந்த 22 பேரைச் சுற்றி நடப்பதையெல்லாம் பெரும்பாலும் பெற்றோர் தூக்கிச் சுமக்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் அணிக்குச் சாப்பாடு போடுவது ஒரு குழு. தின்பண்டக் கடையில் பாப்கார்ன், நாச்சோஸ், ஊறுகாய் வெள்ளரிக்காய் விற்பது இன்னொரு குழு. சோளச் சிப்ஸ் மேல் காரமான கறிக்குழம்பும் சீஸும் ஊற்றித் தரும் ஃப்ரிட்டோ பை என்று ஒன்று விற்பார்கள், டெக்ஸாஸில் அது இல்லாமல் வெள்ளிக்கிழமை கிடையாது. இந்த விற்பனையில் வரும் பணம் பூஸ்டர் கிளப் என்னும் பெற்றோர் சங்கத்துக்குப் போய், பேருந்துச் செலவு, சீருடை, வாத்தியப் பழுது என்று செலவாகிறது. களத்தின் ஓரத்தில் 10 கஜச் சங்கிலியின் இரு முனையையும் கம்பத்தோடு பிடித்துக்கொண்டு பந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், பல ஊர்களில் பல வருடங்களாக அதே ஆட்கள். தேருக்குச் சறுக்குக் கட்டை போடும் உரிமையை அப்பாவுக்குப் பின் மகன் விடாமல் வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சங்கிலி பிடிக்கும் ஒருவரிடம் எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். தன் பிள்ளைகள் இருவரும் படித்து முடித்துப் போய்விட்டார்கள் என்றார். வருடக்கணக்கு அவருக்கே நினைவில்லை.

அப்புறம் பேண்ட். தமிழ்ப் பிள்ளைகளை இங்கே அதிகமாகப் பார்க்கலாம். ஃபுட்பாலுக்கு உடம்பு வேண்டும் என்று தயங்கும் வீடுகள் வாத்தியம் என்றதும் சரி என்று விடும். அது எவ்வளவு பெரிய வேலை என்று பிறகுதான் தெரியும். டெக்ஸாஸின் ஆலன் பள்ளி பேண்டில் 600 பேருக்கு மேல் இருப்பார்கள், அவர்கள் இடைவேளையில் களம் இறங்கினால் புல் தெரியாது. ஜூலை கடைசியிலேயே வெயிலில் பயிற்சி தொடங்கிவிடும். பள்ளி திறந்த பின் வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று மாநிலச் சங்கம் விதி வைத்திருக்கிறது. அந்த எட்டு மணி நேரம் காலை இருட்டிலும் மாலை வெயிலிலும் பிரிந்து விழும்போது, கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் பெற்றவர் தலையில். மேடைப் பொருள்களை வண்டியில் ஏற்றி இறக்கும் அப்பாக்களின் குழுவில் நான் இருந்தேன். சக்கரம் வைத்த பெரிய தட்டிகளை எட்டுப் பேர் சேர்ந்து களத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், பேண்ட் நிகழ்ச்சி முடிந்ததும் அதே வேகத்தில் வெளியே. அந்த எட்டுப் பேரில் ஒருவர் குழாய் வேலை செய்பவர், ஒருவர் பல் டாக்டர், ஒருவர் போலீஸ்காரர். அலுவலகத்தில் பல வருடம் உட்கார்ந்தும் எனக்கு அமையாத நட்பு அந்தத் தட்டிகளுக்குப் பின்னால் அமைந்தது.

இதற்கெல்லாம் விலை உண்டு. செவ்வாய் இரவு வாலிபால் என்றால், வியாழன் இளையோர் அணியின் ஆட்டம், வெள்ளி பெரிய ஆட்டம், சனி விடிகாலை கிராஸ் கண்ட்ரி ஓட்டம் அல்லது பேண்ட் போட்டி. இரண்டு பிள்ளைகள் இருந்தால் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். சாப்பாடு காரில் நடக்கும். எங்கள் வீட்டில் தயிர்சாத டப்பா காரின் பின்சீட்டிலேயே குடியிருந்தது. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் நால்வரும் சேர்ந்து ஒரு மேசையில் உட்கார்ந்த இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். படிப்பு போய்விடாதா என்ற பயம் நமக்கு மட்டும் இல்லை. டெக்ஸாஸ் 1984லேயே சட்டம் போட்டது: ஒரு பாடத்தில் 70 மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் ஆட்டமும் கிடையாது, பேண்டும் கிடையாது. இப்போது அந்தத் தடை மூன்று வாரம். ஆறு வாரத் தேர்வு முடிவு வரும் நாளில் பயிற்சியாளர் வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் ஒரே படபடப்பு.

உடம்புக்கு ஆகும் சேதத்தையும் மறைக்கக் கூடாது. ஃபுட்பாலில் தலை மோதி மூளை அதிர்வது வெறும் மயக்கம் இல்லை என்று இந்த நாடு தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. அடிபட்ட பிள்ளையை அன்றே வெளியேற்ற வேண்டும், மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப ஆடலாம் என்று வாஷிங்டன் மாநிலம் 2009ல் சட்டம் கொண்டுவந்தது. ஐந்தே வருடத்தில் 50 மாநிலங்களும் தலைக்காயத்துக்குச் சட்டம் வைத்துக்கொண்டன. 2008-09ல் 11 லட்சத்தைத் தாண்டியிருந்த ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆட்டக்காரர் எண்ணிக்கை அதற்குப் பிறகு இறங்கி, இப்போது பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. பெற்றோர் யோசிக்கிறார்கள், யோசிக்கத்தான் வேண்டும். என் மகனே கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா என்றால், மாட்டேன்.

பெண்பிள்ளைகள் பக்கம் கதை வேறு திசையில் போயிருக்கிறது. 1971-72ல் நாடு முழுவதும் ஹைஸ்கூல் விளையாட்டில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 1972ல் வந்த சட்டம் அதைத் தலைகீழாக மாற்றியது. இன்று அது 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இலையுதிர்காலத்து வாலிபால் ஆட்டங்களுக்கு அரங்கம் நிரம்புகிறது.

அக்டோபரை ஒட்டி ஹோம்கமிங் வாரம். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஆட்டம் என்பது அதன் பொருள். நூறு வருடத்துக்கு முன் கல்லூரிகளில் தொடங்கி ஹைஸ்கூலுக்கு இறங்கிய வழக்கம் இது. ஊர்வலம் உண்டு, நடனம் உண்டு, மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ராஜா ராணி உண்டு. டெக்ஸாஸ் தன் பங்குக்குச் சாமந்தியைச் சேர்த்தது. நம் பூக்கடையில் முழம் போட்டு விற்கும் அதே சாமந்திதான். பையன் பெண்ணுக்கு ஒரு பெரிய சாமந்தியை ரிப்பன் கட்டிக் கொடுப்பதாகத் தொடங்கிய பழக்கம், நாளடைவில் பூ செயற்கையாகி, ரிப்பன் நீண்டு, மணியும் கரடிப் பொம்மையும் சின்ன விளக்குகளும் சேர்ந்து, இன்று கழுத்திலிருந்து முழங்கால் வரை தொங்கும் ஒரு சுமை. கடையில் வாங்கினால் சில நூறு டாலர்கூட ஆகும். அதனால் அம்மாக்கள் கூடிச் செய்கிறார்கள். செப்டம்பர் இரவுகளில் சாப்பாட்டு மேசை முழுக்கப் பள்ளி நிற ரிப்பனும் பசைத் துப்பாக்கியும் கிடக்கும். என் மனைவி முதல் வருடம் அந்தக் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ரிப்பனைச் சடை பின்னச் சொன்னபோது, எட்டு வயதில் பூத்தொடுக்கக் கற்ற கை தானாக ஓடியது. மறு வருடத்திலிருந்து சடை பின்னுகிற வேலை முழுக்க அவளுக்கு.

அக்டோபர் 31, ஹாலோவீன். அது வெள்ளிக்கிழமையில் விழுந்தால் சங்கடம். மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும் தம்பியும், ஸ்டேடியத்தில் முரசு அடிக்கும் அக்காவும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அப்படிப்பட்ட வருடங்களில் ஆட்டத்தை வியாழனுக்கு நகர்த்தும் ஊர்கள் உண்டு. 2024ல் நமக்கு வேறொரு தற்செயல். தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். எங்கள் வாசலில் அகல் விளக்கு வரிசையாக எரிய, பேய் வேடம் போட்ட பிள்ளைகள் அதைத் தாண்டி வந்து மிட்டாயும் முறுக்கும் வாங்கிப் போனார்கள். நியூயார்க் நகரப் பள்ளிகள் முதன்முதலாகத் தீபாவளிக்கு மூடப்பட்டது அந்த முறைதான், நவம்பர் 1 அன்று. பென்சில்வேனியா அதே ஆண்டு தீபாவளியை மாநிலப் பண்டிகையாக ஏற்றது, கலிபோர்னியா 2025ல் சட்டம் இயற்றியது. மற்ற இடங்களில் பெரும்பாலும் அது சாதாரணப் பள்ளி நாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் காலை ஆறரைக்குப் பயிற்சிக்கு ஓடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கும் ஹைஸ்கூல் ஃபுட்பாலுக்கும் உள்ள உறவு தொழில்முறை லீக்கைவிடப் பழையது. மாசசூசெட்ஸில் நீடம் என்ற ஊரிலிருந்து 1881ல் வெல்லஸ்லி தனியாகப் பிரிந்தது. பாகம் பிரித்த பங்காளிகள் மறு வருடமே, 1882 தேங்க்ஸ்கிவிங் அன்று, களத்தில் மோதிக்கொண்டார்கள். இரு பள்ளிகளுக்கும் இடையே அந்த மோதல் இன்றும் தொடர்கிறது. என்எஃப்எல் பிறந்ததே 1920ல்தான். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துப் பக்கம் அந்த வியாழன் காலை பத்து மணிக்கு ஆட்டம், மதியத்துக்கு மேல் வான்கோழி விருந்து. கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பி முதலில் தலைகாட்டும் இடம் அந்த கேலரிதான். அடுப்பில் வான்கோழி வெந்துகொண்டிருக்க, ஊரே குளிரில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும்.

பண்டிகைத் தேதியை மாற்றியபோது முதலில் கூச்சல் போட்டவர்களில் ஃபுட்பால்காரர்களும் இருந்தார்கள். 1863ல் லிங்கன் அறிவித்ததிலிருந்து நவம்பர் கடைசி வியாழன் என்பது வழக்கம். 1939ல் அது 30ஆம் தேதியில் விழ, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் இழுத்தார். ஆட்டங்களோ பழைய தேதிக்கு எப்போதோ நிச்சயிக்கப்பட்டிருந்தன. மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன, டெக்ஸாஸ் இரண்டு வியாழனையும் கொண்டாடியது. 1941ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நான்காம் வியாழன் என்று சட்டமாக்கிய பிறகுதான் சச்சரவு பெரும்பாலும் தீர்ந்தது.

டெக்ஸாஸில் இப்போது அந்த நாளுக்கு வேறு அர்த்தம். வழக்கமான ஆட்டங்கள் நவம்பர் தொடக்கத்தில் முடிந்து நாக்அவுட் சுற்றுகள் நடக்கும். தேங்க்ஸ்கிவிங் காலையிலும் பயிற்சிக்குப் போகிற அணி என்றால், அதுவரை தோற்று வெளியேறாத அணி. அந்தக் காலைப் பயிற்சி இங்கே ஒரு கௌரவம். அப்பாக்கள் வேலி ஓரம் காபியோடு நின்று பார்ப்பார்கள். தோற்ற ஊர்களில் அது வேறு மாதிரியான நாள். ஆகஸ்டுக்குப் பின் முதல் முறையாக வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள் ரதவீதியில் ஒரு அமைதி இருக்குமே, அப்படி.

எங்களைப் போன்ற தமிழ்ப் பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான். பிள்ளையைக் கொண்டுவிட்டுவிட்டு கார் நிறுத்துமிடத்தில் லேப்டாப்போடு உட்காராதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி என்ற கணக்கில் மட்டும் பேண்டையும் டென்னிஸையும் பார்த்தால், பிள்ளை நான்கு வருடம் வாழும் ஊரை நீங்கள் பார்க்காமலே போய்விடுவீர்கள். தின்பண்டக் கடையில் இரண்டு மணி நேரம் நின்றால் போதும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, அங்கே தேவைப்படுவது கை. பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். என் அம்மாவுக்கு விதி ஒன்றும் விளங்கவில்லை. மூன்று மணி நேரம் கேலரியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "நல்ல கூட்டம்டா, அன்னதானம்தான் இல்லை" என்றாள். ஃப்ரிட்டோ பையில் கறி என்று அவளுக்கு நான் பாப்கார்ன் மட்டும்தான் வாங்கித் தந்திருந்தேன்.

கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று சீனியர் நைட். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆட்டக்காரர், பேண்ட், சியர்லீடர் என்று வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசிக்க, பெற்றோர் இருவரும் பிள்ளையின் கையைக் கோத்துக் களத்துக்குள் நடந்து வர வேண்டும். அம்மாவுக்குப் பிள்ளை ஒரு பூ கொடுக்கும். நவம்பர் முதல் வாரம், லேசான தூறல். அறிவிப்பாளர் எங்கள் பெயரை முதல்நாளே கேட்டு எழுதிவைத்திருந்தார், என் அப்பாவின் பெயரைக்கூடச் சரியாக உச்சரித்தார். புல் ஈரமாக இருந்ததால் மனைவி புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது கஜக் கோடு வரை நடந்தோம். வேலி ஓரத்தில் தட்டி தள்ளும் கூட்டாளிகள் ஏழு பேரும் நின்றிருந்தார்கள். பல் டாக்டர் தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். இடைவேளைக்கு இருபது நிமிடம்தான் இருந்தது, தட்டிகள் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை.